கழித்துப்போட்ட தகடுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உலோகங்களைச் சூடாக்கி உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகருக்கு வெளியே ஒரு சின்ன அச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேதியியல் படித்த பாளையங்கோட்டைப் பெண்ணுக்கு அச்சுப் பட்டறையில் என்ன வேலை என்று ஊரிலிருந்து கேட்டு எழுதினார்கள். அவர்கள் நினைத்ததுபோல அது காகிதம் அச்சடிக்கும் இடமல்ல. அலுமினியத் தகடுகளில் எண்களும் கோடுகளும் அச்சடிப்பார்கள். கொதிகலன் அழுத்தமானிகளின் முகப்பு, மின்பெட்டிகளின் பெயர்த்தகடு, லிஃப்டுகளில் தளம் காட்டும் பலகை இவையெல்லாம் அங்கிருந்துதான் போயின. அச்சாகி உலர்ந்து வரும் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் வைப்பது என் வேலை. கெட்டதன் பின்பக்க மூலையில் மெழுகுப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.

அங்கே அச்சடித்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கப்பலில் ஹம்பேர்க் வந்து, துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்து, அந்தக் குளிர்காற்று ஒத்துக்கொள்ளாமல் தெற்கே இறங்கியவர். முதல்நாள் என் கைப்பையைப் பார்த்து, "நீங்கள் இந்தியாவோ? எந்தப் பக்கம்?" என்று தமிழில் கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "அப்ப கிட்டத்தான்," என்றார். அந்த நாட்டில் வீட்டுக்கு வெளியே நான் கேட்ட முதல் தமிழ் அது. பாதி புரியவில்லை என்றாலும் அழுகை வந்தது. அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்களாம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பட்டறை முதலாளி ஐம்பது வயது ஜெர்மானியர். மனைவி இறந்துவிட்டார். குரல் உயர்த்த மாட்டார், ஆனால் நாம் பேசி முடித்த பிறகும் ஒரு கணம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சொன்னதைச் சரிபார்ப்பதுபோல இருக்கும். ஆரம்பத்தில் அது அவருடைய சுபாவம் என்று நினைத்தேன்.

ஒருநாள் அவர் கம்பளியில் சுற்றிய ஒரு ஓவியத்தைக் காரிலிருந்து இறக்கினார். மேசையில் வைத்துப் பிரித்தபோது நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். வெள்ளைப் பரப்பு. அதில் சாய்ந்து நிற்கும் மூன்று கறுப்புப் பட்டைகள், கீழே ஒரு சிவப்பு அரைவட்டம், ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. அவ்வளவுதான். அண்ணை என் பக்கம் குனிந்து, "இது முடிஞ்சுதோ, இன்னும் கீறக் கிடக்கோ?" என்று மெதுவாகக் கேட்டார். வரைவதைத்தான் அவர் கீறுவது என்பார்.

ஒரு காப்பீட்டு நிறுவனம் புதிதாக ஒரு பெரிய கட்டடம் கட்டியிருந்தது. அதன் நடைபாதைகள் முழுக்க இந்த மாதிரி நவீன ஓவியங்கள் வேண்டும், காகிதத்தில் அல்ல, உலோகத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஓவியரும் சம்மதித்துவிட்டாராம். எல்லாமே ஒரே ஓவியரின் படங்கள். முதலாளி எங்களுக்கு அதை விளக்கியபோது அவர் குரலில் அதுவரை கேட்காத ஒரு துள்ளல் இருந்தது. அழுத்தமானி முகப்புகளில் அவர் எத்தனையோ வருடம் கழித்துவிட்டார்.

வேலை இப்படித்தான். அலுமினியத் தகட்டை முதலில் சுழலும் கம்பித் தூரிகையால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். முடி முடியாகக் கோடுகள் விழுந்து, பளபளப்பு போய், பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கம் வரும். அதன்மேல் மரச்சட்டத்தில் இழுத்துக்கட்டிய வலைத்துணியை வைத்து, மையை ரப்பர்ப் பட்டையால் இழுப்பார் அண்ணை. வலையில் அடைபடாத இடங்களில் மட்டும் மை இறங்கும். நிறத்துக்கு ஒரு சட்டம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள். வெள்ளைக்கு என்ன செய்வது என்று அண்ணை கேட்டார். முதலாளி ஓவியத்தையும் வெறும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெள்ளை தேவையில்லை. உலோகமே வெள்ளையாக இருக்கும்," என்றார்.

பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. சன்னல் பக்கம் போனால் பரப்பு முழுக்க வெளிச்சம் ஓடும். விலகி வந்தால் சாம்பல் நிறமாகும். நான் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றால் கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒரு பச்சைப் புகை தெரியும்.

முதல் தகடுகளைப் பார்க்க ஓவியர் வந்தார். எழுபது வயதைத் தாண்டிய, உயரமான பெண்மணி. ஆண்கள் போடுவது மாதிரி ஒரு நீளக் கோட்டு. நாஜிகள் காலத்தில் அவருடைய படங்களைச் சுவர்களிலிருந்து கழற்றிக்கொண்டு போனார்கள் என்றும், வரையவே கூடாது என்று தடை போட்டிருந்தார்கள் என்றும் முதலாளி முன்பே சொல்லியிருந்தார். கழற்றிக்கொண்டு போனவற்றில் ஒன்றுகூட அவருக்குத் திரும்பி வரவில்லையாம். அவர் உட்காரவில்லை, கைகுலுக்கவில்லை. தகட்டை எடுத்துச் சன்னல் பக்கம் போய் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"என் வெள்ளை எங்கே?" என்று கேட்டார்.

முதலாளி உலோகத்தின் சிறப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஓவியர் முழுக்கக் கேட்கவில்லை. "நான் வரைந்ததில் வெள்ளை இருந்தது. யாரும் கடந்து போகாத வெள்ளை. இதில் எல்லோரும் கடந்து போகிறார்கள்," என்றார். நான் சட்டென்று சன்னலை விட்டுத் தள்ளி நின்றேன்.

அவர் மறுத்துவிடுவார் என்று நினைத்தோம். மறுக்கவில்லை. ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, காப்பீட்டு நிறுவனத்துக்கும் உலோகம் பிடித்துவிட்டது. ஆனால் கேள்விகள் கேட்டார். எத்தனை அச்சடிப்பீர்கள், யார் எண்ணுவது, கெட்டுப்போகும் தகடுகள் என்னவாகும். எண்ணிக்கையில் சேராதவை எல்லாம் வெட்டப்படும் என்று முதலாளி சொன்னார். மூலையில் இருந்த வெட்டு இயந்திரத்தைக் காட்டி, ஒரு வெறும் தகட்டை அவர் கண்முன்னே இரண்டாக வெட்டியும் காண்பித்தார். அவர் அந்த இரண்டு துண்டுகளையும் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வித்தைக்காரனின் காலித் தொப்பியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அச்சு வேகமாக நடந்தது. கழிவும் நிறைய விழுந்தது. தேய்த்த உலோகத்தில் ஒரு விரல் பட்டால் போதும், எண்ணெய் ரேகை மைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒரு தகட்டில் சிவப்பு அரைவட்டத்துக்குள் தூசி தட்டும் தூரிகையின் முடி ஒன்று விழுந்து, வளைந்து, கண்ணிமை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பெருக்கல் குறி போட்டேன். முதலாளி அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, "இந்த முடியை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

"நான் பார்த்துட்டேனே," என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

அதைப் பற்றி இரண்டு நாள் பேச்சு நடந்தது. மற்ற எல்லாமே அந்தத் தகட்டில் சுத்தமாக இருந்ததால் அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில், "சரி, உங்கள் விருப்பம். நானே வெட்டிவிடுகிறேன்," என்று எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரங்கள் கழித்து முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். கழிவுத் தகடுகள் குறைகின்றன என்றார். வெட்டுவதற்காக அடுக்கி வைப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையில் சில காணாமல் போகின்றன.

"உங்கள் நாட்டுக்காரர் மாலையில் கடைசியாகப் போகிறார் அல்லவா?" என்று கேட்டார்.

"அவர் என் நாட்டுக்காரர் இல்லை. அவர் சிலோன்."

"ஆனால் இருவரும் ஒரே மொழி பேசுகிறீர்கள்."

"ஆமா."

"என்ன பேசுகிறீர்கள்?"

அரிசி எங்கே நன்றாகக் கிடைக்கும், காலுறை நனைந்தால் என்ன செய்வது, இதைத்தான் பேசினோம். அதைச் சொன்னேன். அவர் வழக்கம்போல என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். அதன்பிறகு பட்டறைக்குள் ஜெர்மன் மட்டுமே பேச வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். அங்கே வேறு மொழி பேசியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

அண்ணையும் நானும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் ஜெர்மனில் பேசினோம். அவருடைய ஜெர்மன் துறைமுகத்து ஜெர்மன், பாதி வசவு. என்னுடையது பாடப்புத்தகத்து ஜெர்மன். "அந்த ரப்பர்ப் பட்டையை எனக்குத் தருவீர்களா" என்று நான் கேட்பதும், அவர் ஒரு மாலுமி மாதிரி உறுமிக்கொண்டு தருவதும் முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது. பிறகு பேசுவதே குறைந்துபோனது.

பேச்சு குறைந்ததும் நான் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு பெரிய தட்டையான அட்டைப்பை கொண்டுவருவார். முன்பெல்லாம் அதில் என்ன இருக்கும் என்று யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தேன். நான் கழிக்கும் தகடுகளை அவர் அக்கறையாகப் பார்ப்பதும் உறுத்தியது. "இது ஏன் ஏலாதெண்டு சொல்றியள்? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே," என்று முன்பு கேட்பார். தொழில் ஆர்வம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் கணவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இந்தக் குழப்பத்துக்கு முன்பே கூப்பிட்டது, போகாமல் இருக்க முடியவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் ஒரே அறை. கணப்பின் மேல் சட்டி வைத்து மீன்குழம்பு காய்ச்சியிருந்தார். ருசியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தபோது, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே துணி போர்த்திய ஒன்று தெரிந்தது. துணி ஒரு மூலையில் விலகியிருந்தது. தேய்க்காத அலுமினியம், தகட்டின் பின்பக்கம். அந்த மூலையில் என் பெருக்கல் குறி.

அவர் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். "அது சும்மா. சுவர்க் குளிர் வராமல் வைச்சனான்," என்று சொல்லித் துணியை இழுத்து மூடினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டிராமில் என் கணவரிடம் சொன்னேன். "நீ இதுல தலையிடாதே," என்றார் அவர். "என்னோட விஸா எக்ஸ்டென்ஷன் இன்னும் வரலை. உன் பேர் எங்கேயும் வரக்கூடாது. நீ பார்க்கலை, தட்ஸ் ஆல்."

"குறி என்னோடது."

"குறியத்தானே பார்த்தே. அவர் எடுத்தத நீ பார்த்தியா?"

ஆய்வுக்கூடத்தில் பேசுவதுபோலவே பேசினார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது.

மறுநாள் காலையில் முதலாளி அண்ணையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெகுநேரம் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்த அண்ணை என்னைப் பார்க்காமலே சட்டத்தைத் தூக்கி மாட்டினார். மதியம் பட்டறைக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், தமிழில் கேட்டார்.

"நீங்கள் என்னைப் பற்றி ஏதும் கதைச்சனீங்களோ?"

"இல்லை அண்ணை. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை."

"நேற்று என்ரை அறையைப் பாத்தியள். இண்டைக்கு அவர் என்னைக் கூப்பிடுறார்."

"அது கோயின்ஸிடன்ஸ்."

"எனக்கு அந்தச் சொல் விளங்கேல்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னைச் சந்தேகப்பட்டார், முதலாளி எங்கள் இருவரையும். தகடுகளைக் கைமாற்றும்போது மூவருமே அவற்றை எண்ணினோம். மை இழுக்கும் சத்தம் தவிரப் பட்டறையில் வேறு சத்தம் இல்லாமல் பல நாட்கள் போயின. ஒருநாள் என் மெழுகுப் பென்சில் வைத்த இடத்தில் இல்லை. அதுகூட யாரோ வேண்டுமென்று செய்ததாகத் தோன்றியது. என் மேல்கோட்டின் பையில்தான் கிடந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் ஃபிராங்ஃபர்ட்டுக்கு ஒரு நாற்காலி வாங்கப் போனோம். அவர் உட்கார்ந்து எழுதுகிற நாற்காலியின் கால் ஆடிக்கொண்டிருந்தது. பெரிய கடைத்தெருவில் ஒரு நவீன மரச்சாமான் கடை. உள்ளே ஒரு வெள்ளைத் தோல் சோஃபாவுக்கு மேலே, சுவரில், மூன்று கறுப்புப் பட்டைகள்.

என் கணவர்தான் முதலில் பார்த்தார். "உங்க ஆர்ட்டிஸ்ட் இங்கேயும் வந்தாச்சா?" என்றார். நான் கிட்டே போனேன். சிவப்பு அரைவட்டத்துக்குள் அந்த முடி இருந்தது. கண்ணிமை மாதிரி வளைந்து, நான் விட்ட இடத்திலேயே.

கடைக்காரப் பெண்ணிடம் பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கழற்றிக் காட்டினார். எண்ணிக்கையில் சேர்ந்தவற்றில் இருக்கும் ஓவியரின் கையெழுத்து இதில் இல்லை. மூலையில் மெழுகைத் துடைத்த மங்கல். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். டார்ம்ஸ்டாட் பக்கத்திலிருந்து ஒரு கனவான் தானே காரில் கொண்டுவந்து தருகிறார், மிக நேர்த்தியான மனிதர், இன்னும் வேண்டுமென்றாலும் கிடைக்கும் என்றார் அவர். எங்களிடம் எப்படியாவது விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் சொன்னார்.

தானே வெட்டிவிடுகிறேன் என்று எடுத்துப்போன தகடு அது. வேறு யார் கையிலும் போகவில்லை. என் கணவர் அங்கிருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். அதற்குப் பிறகு தலையிடாதே என்று அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை பஸ் நிறுத்தத்தில் அண்ணைக்காகக் காத்திருந்தேன். அவர் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் நடக்கப் பார்த்தார். "அண்ணை, முடி விழுந்த தகட்டை ஃபிராங்ஃபர்ட்டுல ஒரு கடையில பார்த்தேன். ஓனர்தான் விக்கிறார்," என்றேன். நின்றார். நான் முழுவதையும் சொன்னேன்.

அவர் அட்டைப்பையைக் கீழே வைத்தார். பஸ் ஒன்று வந்து போனது. பிறகு, "மனுசி சொன்னது சரிதான்," என்றார்.

"எந்த மனுசி?"

"படம் கீறினவ. முதல் தரம் வந்திட்டுப் போகேக்கை இந்த நிறுத்தத்திலைதான் நிண்டவ. கழிச்சதுகளை வெட்டுறாங்கள் எண்டு தனக்கு நம்பிக்கை இல்லையாம். ஏலுமானதைத் தன்னட்டைக் கொண்டுவரச் சொன்னவ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டும் சொன்னவ. நான் ஓம் எண்டிட்டன்."

"ஏன் உங்களைக் கேட்டாங்க?"

"நானும் அதைத்தான் கேட்டனான். இஞ்சை முதலாளி நம்பாத ஆள் நீதான், அதாலை நான் நம்புறன் எண்டவ." கொஞ்சம் சிரித்தார். "நான் கொஞ்சம் எடுத்தனான். அவர் கொஞ்சம் எடுத்தவர். தான் எடுத்ததைவிடக் கூடக் குறையுதெண்டுதான் ஆளுக்குப் பயம். வேற ஆர் விக்கிறாங்கள் எண்டு தேடியிருக்கிறார்."

அன்றைக்கே அண்ணை என்னை ஓவியரின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டுத்தெருவில் மேல்மாடி. ஓவியர் கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்து, அண்ணையைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற என்னைக் காட்டி, "இவளை யார் அனுப்பினார்?" என்று கேட்டார். கழிக்கும் பெண் இவர்தான் என்று அண்ணை துறைமுக ஜெர்மனில் உறுமினார். "அப்படியானால் நிறையக் கழித்திருக்கலாம்," என்று சொல்லிச் சங்கிலியை எடுத்தார்.

உள்ளே சுவரோரமாகத் தகடுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் என் குறி போட்டவை. ஆனால் அவை நான் கழித்தபோது இருந்தது மாதிரி இல்லை. உலோகம் தெரிந்த இடங்களில் எல்லாம் அவர் கையாலேயே வெள்ளை பூசியிருந்தார். தடித்த வெள்ளை. தூரிகை போன தடம் உலோகத்தின் கோடுகளுக்குக் குறுக்கே போனது. சிலவற்றில் பூசி, சுரண்டி, திரும்பப் பூசியிருந்தார். உலோகம் வண்ணத்தைப் பிடிக்கவில்லை, உரிந்து உரிந்து வந்திருந்தது. விடாமல் மறுபடி பூசியிருந்தார். அண்ணையின் அறையில் துணிக்குள் இருந்ததும் அப்படி வெள்ளை பூசி அவர் அண்ணைக்குக் கொடுத்த ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. அழகாக இருந்ததா என்றால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

நான் கடையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. கோபமும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டதுபோல, "ஆக, இதுவும் அப்படித்தான்," என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ ஏன் என்னிடம் சொல்கிறாய்? உனக்கு இதில் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

"எதுவும் இல்லை. அவர் எங்க ரெண்டு பேரையும் திருடங்கன்னு நெனச்சிட்டிருக்கார்."

"நான் கூட அப்படி நினைத்தேன், உன்னை," என்றார். மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை, தகவல் சொல்லும் தொனி.

அந்த வாரமே அவர் பட்டறைக்கு வந்தார். முன்னறிவிப்பு இல்லை. கையில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய தகடு. முடி விழுந்த தகடுதான், அந்தக் கடையில் வாங்கி வந்திருந்தார். நேரே வெட்டு இயந்திரத்திடம் போய் அதன்மேல் வைத்துப் பிரித்தார். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இதை நீங்கள் வெட்டினீர்களாம்," என்றார் ஓவியர். "நன்றாக ஒட்டியிருக்கிறீர்கள். இணைப்பே தெரியவில்லை."

முதலாளியின் கழுத்து சிவந்தது. "அது மாதிரிக்காகக் கொடுத்தது. கடைகளில் ஆர்வம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. உங்கள் நன்மைக்கும்தான்."

"எத்தனை மாதிரிகள்?"

முதலாளி திரும்பி என்னையும் அண்ணையையும் பார்த்தார். "இவர்களில் யார் உங்களிடம் வந்தது?" என்று கேட்டார்.

"என் வீட்டிலும் மாதிரிகள் இருக்கின்றன. நான் கேட்டு வாங்கியவை," என்றார் ஓவியர்.

"அப்படியென்றால் என் தகடுகளை எடுத்தது நீங்கள்."

"என் படங்களை."

அதற்கு மேல் வாக்குவாதம் இல்லை. வலைச்சட்டங்களைத் தன் முன்னாலேயே கழுவ வேண்டும் என்று ஓவியர் கேட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டியது ஏறக்குறைய எல்லாம் போய்விட்டிருந்தது. முதலாளி மறுத்தால் அவர் வழக்கறிஞரிடம் போவார் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. முதலாளி தலையை அசைத்தார். அண்ணை சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் சாய்த்துக் கரைப்பானை ஊற்றித் தேய்த்தார். கறுப்புப் பட்டைகளின் உருவம் வலையிலிருந்து கரைந்து ஓடியது. ஓவியர் ஒரு சட்டத்தை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வலை முழுக்கச் சுத்தமாகிவிட்டதா என்று மூலை மூலையாகப் பார்த்தார். எனக்குக் கண்ணெரிச்சல் தாங்கவில்லை, கரைப்பானின் நெடி. அவர் அசையவில்லை. கடைசிச் சட்டம் கழுவி முடித்தபிறகே கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

காப்பீட்டுக் கட்டடத்தில் தொங்கியவை அப்படியே தொங்கின. ஒருமுறை ஏதோ வேலையாக அங்கே போனபோது பார்த்தேன். கோட்டு போட்டவர்கள் நடைபாதையில் போக, அவர்களுடைய சாம்பல் நிழல்கள் பட்டைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன.

நாங்கள் அழுத்தமானி முகப்புகளுக்குத் திரும்பினோம். முதலாளி எங்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தினால் நாங்கள் இன்னும் எங்கேயாவது பேசுவோம் என்று நினைத்திருக்கலாம். ஜெர்மன் மட்டும் பேச வேண்டும் என்ற விதியை அவர் ரத்துசெய்யவும் இல்லை, நாங்கள் கடைப்பிடிக்கவும் இல்லை. ஆனால் பழைய பேச்சு வரவில்லை. அரிசியைப் பற்றிக் கேட்டாலும் அதில் வேறு ஏதோ கேட்கப்படுவதுபோல இருந்தது.

அடுத்த கோடைக்கு முன் அண்ணை திரும்ப ஹம்பேர்க்குக்குப் போனார். அங்கே விளம்பரப் பலகைகள் எழுதும் வேலை கிடைத்திருந்தது. வழியனுப்ப நாங்கள் ரயில் நிலையத்துக்குப் போனோம். என் கணவர் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் அவர் கேட்டார்.

"அந்தத் திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டது. உண்மையிலேயே நீங்கள் சொல்லேல்லையோ?"

"சத்தியமா சொல்லலை அண்ணை."

"ஓம்," என்றார். ஏற்றுக்கொண்ட ஓமா, போகட்டும் என்ற ஓமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பேச்சை இன்னும் கொஞ்சம் பழகியிருந்தால் தெரிந்திருக்கும். ரயில் வந்ததும் பெட்டியைத் தூக்கி வைத்தேன். "போட்டு வாறன் தங்கச்சி, சுகமா இருங்கோ," என்றார்.

நான் அங்கே இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். என் கணவரின் ஆய்வு முடிந்து ஊருக்குத் திரும்ப முடிவானபோது வேலையை விட்டேன். கடைசிநாள் முதலாளி தன் அறையில் காபி வைத்திருந்தார். பயணத்தைப் பற்றி விசாரித்தார். நல்லபடியாகவே பேசினார். எழுந்து கைகுலுக்கும்போது கையை விடாமல், "ஒன்று கேட்கலாமா? அன்றைக்கு நீங்கள் அந்தக் கடைக்கு எதற்காகப் போனீர்கள்? யார் அனுப்பினார்கள்?" என்றார்.

"நாற்காலி வாங்கப் போனோம்," என்றேன்.

"வாங்கினீர்களா?"

"இல்லை."

அவர் வழக்கம்போல ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, தான் நினைத்தது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு என் கையை விட்டார்.